பின்சீட்டுக்கு அடியில் ஒரு பச்சைக் கார்

என் வேலை என்னவென்று கேட்டவர்கள் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. டெட்ராய்ட்டுக்கு வடக்கே, ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் காகிதத்தை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. தேதி வந்ததும் அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான். பதினோரு வருடமாகப் போடுகிறேன். அதனால் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

போன அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் பெட்ரோல் டேங்கைக் கழற்ற ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார். அவர் வீட்டு ஷெட்டில் 1970ஆம் வருடத்து செவ்ரலே செவெல் ஒன்று நிற்கிறது. 1983ல் வாங்கியது. பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் காரை வெளி ஆள் யாரும் தொட்டதில்லை. இப்போது விற்கப் பார்க்கிறார். கிளட்ச்சை மிதிக்க இடது முழங்கால் மறுக்கிறது.

விற்பதில் ஒரு சிக்கல். வாங்கும்போது அவரிடம் இது ‘எஸ்எஸ் 396’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சூப்பர் ஸ்போர்ட், பெரிய இன்ஜின் போட்ட வகை. பானெட், பட்டைகள், கிரில்லில் எழுத்து எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. (இன்னொரு வேடிக்கை, அந்த வருடம் 396 என்று பேட்ஜ் குத்தி விற்ற இன்ஜினின் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம். பெயருக்கு மவுசு இருந்ததால் கணக்கை மாற்றவில்லை.) ஆனால் பானெட்டும் பட்டையும் எழுத்தும் இன்று கேட்லாகைப் பார்த்து ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். சாதாரண செவெல்லை ஒரு குளிர்காலத்தில் சூப்பர் ஸ்போர்ட்டாக மாற்றிவிடலாம். விலையோ பல மடங்கு. வாங்க வருகிறவன் ஆதாரம் கேட்கத்தானே செய்வான்?

கண்ணாடிக்குப் பின்னால் டாஷ்போர்டின் ஓரத்தில் எண் பொறித்திருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். என் உலகத்தில் எண் என்றால் எண்தான். அவர் சிரித்தார்.

1970ல் அந்த எண் 13 இலக்கம். முதல் 1 செவ்ரலே. அடுத்த 36 என்றால் வி8 இன்ஜின் போட்ட மாலிபு, அது செவெல்லில் ஒரு வகை. அடுத்த 37 இரண்டு கதவு ஸ்போர்ட் கூப். பிறகு 0, அதாவது 1970. பிறகு தொழிற்சாலைக்கு ஓர் எழுத்து, இவருடையதில் பால்டிமோருக்கான ‘பி’. மிச்சம் வரிசை எண். அவ்வளவுதான். 200 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 307 இன்ஜின் போட்டுக் காய்கறி வாங்கப் போன காருக்கும், 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 இன்ஜின் போட்டு டிராக் பந்தயத்தில் டயரைப் புகைத்த காருக்கும் முதல் ஆறு இலக்கமும் ஒன்றேதான். வி8 என்று சொல்லும். எந்த வி8 என்று சொல்லாது. செவ்ரலேயின் எண்ணில் இன்ஜினுக்கென்று தனிக் குறி வந்தது 1972 மாடலில்தான்.

சரி, கம்பெனியில் கேட்டால்?

கம்பெனியிடம் இல்லை. அமெரிக்காவில் விற்ற அந்தக் காலத்து செவ்ரலேக்களில் எந்த எண்ணுக்கு எந்த இன்ஜின் போட்டோம் என்ற தனித்தனிப் பதிவுகள் இன்று கிடையாது. எந்த டீலருக்கு அனுப்பினார்கள் என்பதை மட்டும் சரக்கு ரசீது மாதிரி ஒரு வரியில் பெற முடிகிறது. மற்றதெல்லாம் போயிற்று. இதை அவர் ஒரு குறையாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் காது சூடாகியது. அந்தப் பெட்டிகளை ஒரு நாள் யாரோ ஒருவர் பார்த்திருப்பார். வாரண்டி காலம் முடிந்தது, வரிக் கணக்கு முடிந்தது, இடம் வேண்டும். பட்டியலில் தேதி வந்துவிட்டது. கையெழுத்து. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

செவ்ரலேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவில் நடந்ததைப் பாருங்கள். பாண்டியாக்கின் 1961 முதல் 1986 வரையான பில்கள் மைக்ரோஃபிலிமில் தப்பிவிட்டன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பிஎச்எஸ் என்ற அமைப்பு அந்தக் காரின் பில் நகலை அனுப்பிவைக்கிறது. இத்தனைக்கும் 1964, 65 வருடத்து ஜிடிஓ, லெமான்ஸ் காருக்கு மேல் வாங்கும் ஒரு கூடுதல் தொகுப்புதான். எண்ணைப் பார்த்து ஜிடிஓ என்று சொல்லவே முடியாது. ஆனாலும் பில் இருப்பதால் சண்டை இல்லை. பாண்டியாக் என்ற பெயரையே 2010ல் இழுத்து மூடிவிட்டார்கள். செத்த பிராண்டின் கணக்கு உயிரோடு இருக்கிறது, உயிரோடு இருக்கும் செவ்ரலேயின் கணக்கு செத்துவிட்டது.

ஃபோர்டில் 1967 முதலான தயாரிப்புத் தரவுகள் பிழைத்தன. கெவின் மார்ட்டி என்பவர் ஃபோர்டிடம் உரிமம் வாங்கி, கேட்கிறவர்களுக்கு அதிலிருந்து அறிக்கை எடுத்துத் தருகிறார். கிரைஸ்லரில் தலைகீழ். 1967 வரை மைக்ரோஃபிலிமில் உண்டு, 68லிருந்து இல்லை. மக்கள் இன்று கோடிகளைக் கொட்டுகிற, ஹெமி என்ற பெரிய இன்ஜின் போட்ட கார்கள் பெரும்பாலும் 68க்குப் பிறகு வந்தவை. 2014ல் சியாட்டில் ஏலத்தில் ஒரு 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் 35 லட்சம் டாலருக்குப் போனது. அப்படிப்பட்ட காருக்கு என்னென்ன போட்டுக் கட்டினார்கள் என்று சொல்ல, பானெட்டுக்கு அடியில் திருகி வைத்த ஒரு தகரத் துண்டையும், அதிர்ஷ்டம் இருந்தால் சீட்டுக்குள் கிடக்கும் ஒரு காகிதத்தையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தகரத்தைக் கீழ் வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும் என்பது இன்னொரு கூத்து.

அந்தக் காகிதத்தைத் தேடித்தான் நாங்கள் டேங்கைக் கழற்றினோம்.

இங்கே அதை பில்ட் ஷீட் என்கிறார்கள். கிரைஸ்லர்காரர்களுக்கு பிராட்காஸ்ட் ஷீட். டீலர் அனுப்பிய ஆர்டர் தொழிற்சாலைக்கு வந்ததும் டெலிடைப்பிலோ பிரிண்டரிலோ பல பிரதிகளாக அடித்து, லைனில் பல இடங்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்புவார்கள். பிராட்காஸ்ட் என்றால் நமக்கு ரேடியோ நினைவுக்கு வரும். ரேடியோவுக்கு முன்னால் அந்தச் சொல் வயலில் விதையைக் கையால் வீசித் தெளிப்பதற்கு இருந்தது. அந்தப் பொருள்தான் இங்கே பொருத்தம். ஒரு பிரதி சீட் தைக்கும் இடத்தில் விழும், ஒன்று இன்ஜின் ஏற்றும் இடத்தில், ஒன்று பின் அச்சு வரும் இடத்தில். அடுத்து வரும் காருக்கு எந்த ஸ்பிரிங், எந்த டயர், ரேடியோ உண்டா இல்லையா என்பதெல்லாம் கட்டம் கட்டமாக, எழுத்தும் எண்ணுமான குறிகளில் இருக்கும். எம்40 என்றால் ஆட்டோமேட்டிக் கியர், எம்20 என்றால் நாலு கியர், யூ63 என்றால் ரேடியோ, இசட்25 என்றால் எஸ்எஸ் 396. பெரியவர் தேடுவது அந்த இசட்25ஐத்தான்.

வேலை முடிந்ததும் அந்தத் தாளுக்கு உபயோகம் இல்லை. கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் என்ன செய்வார்? அடுத்த கார் வந்து நிற்கிறது. சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு கார் என்ற வேகம். ஒஹையோவில் லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையில் வேகா என்ற சின்னக் காருக்கு மணிக்கு நூறு என்று வேகத்தைக் கூட்டினார்கள், ஒரு காருக்கு 36 வினாடி. 1972ல் அங்கே வேலைநிறுத்தமே வெடித்தது. அப்படிப்பட்ட இடத்தில் யார் குப்பைத் தொட்டி வரைக்கும் நடப்பார்கள்? சீட் ஸ்பிரிங்குக்குள் சொருகுவார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் தள்ளுவார்கள். டேங்குக்கு மேலே வைத்து அப்படியே மேலே ஏற்றிவிடுவார்கள். கிளவ்பாக்ஸுக்கு மேலே, கதவுப் பலகைக்குப் பின்னால் என்று ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு வழக்கம். செயின்ட் லூயிஸில் கொர்வெட் கட்டியவர்கள் மட்டும், அறுபதுகளின் கடைசியிலிருந்து டேங்கின் மேலேயே பசை போட்டு ஒட்டினார்கள். அது ஒழுங்கு. மற்ற இடங்களில் நடந்தது சோம்பல். சோம்பல் என்று திட்டவும் மனம் வரவில்லை, 36 வினாடியில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒழுங்காக வந்த காகிதங்களும் உண்டு. 1958ஆம் வருடச் சட்டப்படி புதுக் காரின் கண்ணாடியில் விலைப்பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும். அதைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். வாங்குகிறவர் கைக்குப் போகும் முன் வேறு யாரும் கிழிக்கக் கூடாது. ஆனால் வாங்கியவர் கிழித்து எறியலாம். எறிந்தார்கள். செவ்ரலே தந்த வாரண்டிப் புத்தகத்தின் பின்னட்டையில் கிரெடிட் கார்டு அளவில் ஒரு உலோகத் தகடு இருந்தது, இன்ஜின் குறி, அச்சுக் குறி எல்லாம் பொறித்து. கார் கைமாறும்போது புத்தகம் பழைய சொந்தக்காரர் மேசையிலேயே தங்கிவிடும். பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தொலைந்துபோனது. யாரும் வைக்கச் சொல்லாதது சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

டேங்க் கதைக்கு வருகிறேன். பெட்ரோலை உறிஞ்சி எடுத்து, ஜாக்கியின் மேல் ஒரு பலகையை வைத்து டேங்கைத் தாங்கி, இரண்டு பட்டைகளையும் அவிழ்த்தோம். அவிழ்த்தோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். துரு பிடித்த அந்த இரண்டு போல்ட்டுகளுக்கு ஒரு முழு மதியம் ஆனது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒன்று கழன்றது, ஒன்று உடைந்தது. டேங்க் இறங்கியபோது எனக்கே நெஞ்சு அடித்தது.

மேலே இருந்தது ஒரு எலிக்கூடு.

நல்ல கூடு. இலை, சீட்டுப் பஞ்சு, நடுவில் பழுப்புக் காகிதத் துணுக்குகள் மெத்தை மாதிரி. ஒரு துணுக்கில் அரைக் கட்டம் தெரிந்தது, இன்னொன்றில் ‘7’ மாதிரி ஒரு கோடு. பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, எலிக்குத்தான் இது எஸ்எஸ்ஸா இல்லையா என்று தெரியும் என்றார். அவர் மனைவி ஷெட் வாசலில் நின்று, அப்படியானால் எலியையே வாங்குபவரிடம் அனுப்பிவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறு சனிக்கிழமை சீட். அந்த வாரம் நான் இந்த விஷயத்தைப் படித்துத் தீர்த்திருந்தேன், அதனால் கொஞ்சம் அவநம்பிக்கையோடு போனேன். இந்தத் தாள்களில் பொய்யும் நிறைய உலவுகிறது. வெற்றுப் படிவம் அச்சடித்து விற்கிறார்கள். அதில் வேண்டிய குறிகளைப் போட்டு, டீயில் நனைத்து, ஓவன் அடுப்பில் காயவைத்தால் ஐம்பது வயது கூடிவிடும். இன்ஜின் முகப்பில் இருக்கும் எண்ணை மழித்து வேறு எண் குத்துகிறவர்கள் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் தொழிற்சாலை இழைத்த கோடுகள் அப்படியே இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். ‘அவர்கள் கட்டியதை விட அதிக சூப்பர் ஸ்போர்ட்டுகள் இன்று ஓடுகின்றன’ என்பது இந்தக் கூட்டத்தில் பழைய நக்கல்.

எனக்கு வேறொரு உறுத்தலும் இருந்தது. எல்லோரும் இந்தத் தாளைக் காரின் பிறப்புச் சான்றிதழ் என்கிறார்கள். அது தப்பு என்று தோன்றுகிறது. பிறப்புச் சான்றிதழ் பிறந்த பிறகு எழுதுவது. இது கார் பிறப்பதற்கு முன்னால் எழுதியது, இன்னதைப் போடு என்று சொன்ன ஏவல். டெய்லர் கடையில் துணியோடு பின் குத்தி வைக்கிற அளவுச் சீட்டுதான் இது. சீட்டில் முழுக்கை என்று இருக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி சட்டை எப்படி வந்தது என்பது வேறு கதை. அன்று ஒரு பாகம் தீர்ந்துபோயிருந்தால் கையில் கிடைத்ததைப் போட்டு அனுப்பியிருப்பார்கள், சீட்டு அதை அறியாது. என் ஆபீஸ் மொழியில் சொன்னால் ஆர்டர் வேறு, பதிவேடு வேறு. இதைச் சொன்னபோது பெரியவர் மறுக்கவில்லை. வாங்க வருகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருந்தால் நல்லது என்றார்.

செவெல்லின் பின்சீட் அடிமெத்தையை முன்விளிம்பில் கை வைத்துப் பின்னால் தள்ளி மேலே தூக்கினால் கொக்கியிலிருந்து விடுபடும். தூக்கிக் கவிழ்த்தோம். ஒரு 1976 நாணயம், ஒரு சீப்பு, உதிர்ந்த கோணித்துணி. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே, நாலாக மடித்து, ஓரம் பொடிந்த ஒரு தாள்.

அவர் கை வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். காகிதம் என் துறையாம். அதிலிருக்கும் அமிலம் தன்னையே தின்றுகொண்டிருக்கும், காய்ந்த நிலையில் பிரித்தால் மடிப்பிலேயே ஒடியும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரத் துணி, மேலே கம்பி வலை, வலை மேல் தாள், மூடி. ஒரு இரவு. ஈரக் காற்றில் அது மெல்ல இளகியது. காலையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பிரித்தேன். இத்தனை வருடத்தில் நான் ஒரு காகிதத்தைக் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை என்பது பிறகுதான் உறைத்தது.

துருக்கோடுகள் குறுக்கே ஓடின, ஆனாலும் படிக்க முடிந்தது. ஓரத்தில் யாரோ மெழுகுப் பென்சிலால் பெரிதாக ஒரு டிக் போட்டிருந்தார்கள். மேல் மூலையில் எண். நான் சத்தமாகப் படிக்க, அவர் தன் காரின் எண்ணை எழுதி வைத்த துண்டில் ஒவ்வொன்றாக விரல் வைத்தார். ஒன்று. முப்பத்தாறு.

அறுபத்தொன்பது.

விரல் நின்றுவிட்டது. 37 இருக்க வேண்டிய இடம் அது. 69 என்றால் நாலு கதவு செடான். மறுபடி படிக்கச் சொன்னார், படித்தேன். 69தான். பால்டிமோர் சரி, வருடம் சரி, வரிசை எண்ணில் இவருடைய காருக்கு நாலு முன்னால். லைனில் இந்த காருக்குச் சற்று முன்னால் போன யாருடைய குடும்பக் காரோ. கீழே வந்தால் பச்சை பெயின்ட், ஆட்டோமேட்டிக் கியர், ரேடியோ. ஏர் கண்டிஷன் கூட இல்லை. இசட்25 எங்கே இருக்கப்போகிறது?

இது அபூர்வம் இல்லையாம். சீட் தைக்கும் இடத்தில் மெத்தைகள் அடுக்கி இருக்கும், தாள்கள் கத்தையாக இருக்கும், கை மாறிவிடும். பக்கத்துக் காரின் தாள் தன் காரில் கிடைத்து, அந்த எண்ணுள்ள காரின் சொந்தக்காரரை வருடக் கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள், ஆனால் அவை இரண்டு கதவுக் கார்களாகவோ கன்வர்ட்டிபிள்களாகவோ இருக்கும். பச்சை செடானை யார் வைத்திருப்பார்கள்? பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்கி, பத்து குளிர்காலம் பனிக்காகச் சாலையில் தூவிய உப்புத் தண்ணீரில் ஓடி, தரை ஓட்டையாகி, எடைக்குப் போயிருக்கும்.

அப்போதுதான் பெரியவருக்கு இன்னொன்று தோன்றியது. இந்தத் தாள் இங்கே வந்தது என்றால் நம் தாள் அந்தப் பச்சைக் காரில் போயிருக்கலாம் இல்லையா என்றார். இருக்கலாம். இசட்25 என்று அச்சடித்த அந்தத் தாள், அப்படி ஒன்று இருந்திருந்தால், ஒரு நாலு கதவுக் காரின் பின்சீட்டுக்குள் பிள்ளைகள் குதிக்கக் குதிக்க அடியில் கிடந்து, காரோடு சேர்ந்து நசுங்கி உலைக்குப் போயிருக்கும். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் பால்டிமோரில் அந்தத் தொழிற்சாலை என்ன ஆனது என்று தேடினேன். பிரோனிங் ஹைவேயில் 1935ல் தொடங்கி 2005ல் மூடிவிட்டார்கள். இடித்த இடத்தில் இப்போது அமேசானின் கிடங்கு இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பெட்டியின் மேலும் யாருக்கு என்ன என்று ஒரு சீட்டு ஒட்டுகிறார்களாம், ஒட்டாமல் என்ன செய்வார்கள்.

காரை அவர் விற்றுவிட்டார். எஸ்எஸ் என்று எனக்குச் சொன்னார்கள், ஆதாரம் இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதினார். எதிர்பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது. இண்டியானாவிலிருந்து இழுவை வண்டியோடு வந்த பையன் டேங்கையோ எண்ணையோ பார்க்கவே இல்லை, ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டதும் பணத்தை எடுத்தான்.

வண்டியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். பச்சைக் காரின் தாளை நான் அமிலமில்லாத உறையில் போட்டு ஒரு நகலும் எடுத்துக் கொடுத்திருந்தேன். நகலைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். உறையைப் பின்சீட் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே, முன்பு கிடந்த அதே இடத்தில் செருகினார். நான் ஒரு பக்கம் பிடிக்க, மெத்தையைக் கொக்கியில் மாட்டி முழங்காலால் ஒரு இடி இடித்தார். வலது முழங்கால்.